வாசாவின் பாறையும் கார்பின்ஸ் கோவ் பாறையும்

பாறையை எப்படி வரைவது என்று என்னிடம் வரையக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கேட்டால், இப்போதெல்லாம் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் போனை எடுத்து ஃபான்னி சுர்பெர்க்கின் படங்களைக் காட்டுகிறேன். ஃபின்லாந்துக்காரர். 1845இல் வாசா என்ற கடலோர ஊரில் பிறந்தவர், 1892இல் ஹெல்சிங்கியில் இறந்தார். காடு, சதுப்பு, பனி, அருவி, பாறை இவைதான் அவருக்குப் பிடித்த விஷயங்கள். மனிதர்களே இல்லாத நிலக்காட்சிகள் நிறைய. நம் ஊர்ப் பக்கம் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்சிங்கியில் அதெனேயம் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் இருக்கின்றன. ஃபின்லாந்து தேசியக் கலைக்கூடம் காப்புரிமை முடிந்த ஆயிரக்கணக்கான படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. அந்தமானில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. ஒரு நல்ல ஓவியக் காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் நான் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ பறக்க வேண்டும். இணையத்திலோ பிரஷ் போன தடம் தெரியும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அப்படிப் பெரிதாக்கினால்தான் விஷயமே தெரிகிறது. சின்ன அளவில் பார்க்கும்போது அவர் வரைந்தது பாறை. கரடுமுரடு, ஈரம், பிளவு, பாசி எல்லாம் இருக்கிறது. பெரிதாக்கினால் பாசி என்று தனியாக எதுவும் வரையப்படவில்லை. பச்சையில் ஒரு தீற்றல், அவ்வளவுதான். பிளவு என்று நாம் பார்த்தது, இரண்டு வண்ணத் திட்டுகளுக்கு நடுவே அவர் தொடாமல் விட்ட இருட்டு. பெயின்டைத் தடிமனாக வைத்திருக்கிறார், வைத்த பிறகு திரும்பப் போய்த் தடவவில்லை. வெளிச்சம் படும் முகத்துக்கு ஒரு நிறம், படாத முகத்துக்கு ஒரு நிறம், நடுவில் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு, "அவசரமாகப் போட்டிருக்கிறார்" என்று ஒரு பையன் சொன்னான். அவசரமாகப் போட்டிருந்தால் அந்த மேல்முகமும் பக்கமுகமும் அப்படிச் சரியாக மடங்கியிருக்காது. எங்கே மடங்குகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் அவர் பிரஷை வைத்திருக்கிறார். தீர்மானம் முடிந்த பிறகு கை வேகமாகப் போகிறது. ஸ்டடி என்று நாம் சொல்லும், நேரில் பார்த்து வேகமாகப் போடும் படங்களில் கை தளர்வாக இருக்கிறதென்றால், கண் இறுக்கமாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பாறையைப் போல இதைச் சோதித்துக் காட்டும் பொருள் வேறு இல்லை. மரம் என்றால் கொஞ்சம் ஏமாற்றலாம், நாலு கிளையை இடம் மாற்றினாலும் மரமாகவே நிற்கும். பாறையில் ஒரு முகத்தின் சாய்வு தப்பினால் அது எடையை இழந்துவிடும், அட்டைப் பெட்டி மாதிரி ஆகிவிடும்.

நான் இருப்பது மின்னி பேயில். போர்ட் பிளேர் துறைமுகம் உள்ளே மடிந்து வரும் இடம். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். இங்கே கடல் குளம் போல அமைதியாகக் கிடக்கும். கடற்படைக் குடியிருப்பு, தன்வந்தரி மருத்துவமனை என்று பாதுகாப்புப் பகுதியாக இருப்பதால் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து ஸ்கெட்ச் புக்கைத் திறப்பது சரியாக இருக்காது. அதனால் பாறை வரைய வேண்டுமென்றால் ஜங்லிகாட், அபர்தீன் தாண்டி, சவுத் பாயின்ட் வழியாகக் கடலோரச் சாலையைப் பிடித்துக் கார்பின்ஸ் கோவ் பக்கம் போய்விடுவேன். சுற்றுலாப் பயணிகள் கடற்கரைக்குப் போவார்கள். நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன், சாலை ஓரப் பாறைகளுக்காக.

அந்தப் பாறைகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு சாண், இரண்டு சாண் தடிமனில் மணற்கல். அதன் மேல் விரல் தடிமனுக்கு மென்மையான களிமண் கல். மறுபடி மணற்கல், மறுபடி களிமண் கல். இப்படியே அடுக்கிக்கொண்டே போகும். அந்த முழு அடுக்கும் படுத்திருக்காமல் சாய்ந்து நிற்கும், சில இடங்களில் அநேகமாக செங்குத்தாக. அலையும் மழையும் மென்மையான அடுக்கை முதலில் அரித்துவிடுவதால் மணற்கல் மட்டும் விளிம்பு விளிம்பாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். புதிதாக உடைந்த இடம் பச்சை கலந்த சாம்பல். வெயிலில் நாள்பட்ட இடம் துருப்பழுப்பு. தண்ணீர் தொடும் மட்டத்துக்குக் கீழே கறுப்பு.

நிலவியல்காரர்கள் இதற்கு அந்தமான் ஃப்ளிஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆழ்கடலின் சரிவில் மணலும் சேறும் கலந்த கலங்கல் நீர் திடீரென்று சரிந்து ஓடும். கனமான மணல் முதலில் படியும், மெல்லிய சேறு மெதுவாக அதன்மேல் படியும். அடுத்த சரிவில் இன்னொரு ஜோடி. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அப்படிப் படிந்தவை, இந்திய நிலத்தட்டு கிழக்கே அடியில் செருகிக்கொண்டு போனதில் நெருக்கப்பட்டு, மடிந்து, கடலுக்கு மேலே தலைதூக்கி நிற்கின்றன. கார்பின்ஸ் கோவ் சாலையில் ஒரு அடுக்கின் மேல் கையை வைத்தால், பழங்காலக் கடலடியில் நடந்த ஒரே ஒரு சரிவின் மேல் கையை வைத்திருக்கிறோம்.

வரைகிறவருக்கு இந்த விவரம் எதற்கு என்று கேட்காதீர்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அந்தப் பாறை கைக்கு வந்தது. சுர்பெர்க்கின் ஊர்ப் பாறை கிரானைட் வகை, 180, 190 கோடி ஆண்டுப் பழசு. பனியுகத்தில் பனிப்பாளம் அதன்மேல் நகர்ந்து, தான் வந்த திசையை மழமழவென்று தேய்த்துவிட்டு, போன திசையில் பாறையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அதனால் ஒரு பக்கம் வழவழப்பான முதுகு, மறுபக்கம் உடைந்த கோணல்கள். அதை வரைய அகலமான பிரஷும் பெரிய திட்டுகளும் போதும். அதே கையை அப்படியே கொண்டுவந்து கார்பின்ஸ் கோவ் பாறையில் வைத்தால் ஒட்டாது. இங்கே முதலில் பிடிக்க வேண்டியது அடுக்கின் சாய்வு. பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து அந்தச் சாய்வை அளந்து, அட்டையின் குறுக்கே ஒரே ஒரு கோடு. மற்ற எல்லாக் கோடும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஃபின்லாந்து ஓவியரிடம் நான் கற்றது அவருடைய பிரஷ் வீச்சை இல்லை. பாறை எதனால் ஆனது, எது அதை உடைத்தது என்று கேட்டுவிட்டு வரையும் பழக்கத்தைத்தான் கற்றேன்.

ஒருநாள் காலையில் அப்படி வரைந்துகொண்டிருந்தபோது, எங்கள் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், பிறந்து வளர்ந்தது இங்கேதான்.

"என்ன டீச்சர், இன்னும் முடிக்கலையா? கடலே காணோமே இதுல?"

"கடல் வேணாம்ணே. பாறை எப்படிச் சாஞ்சு நிக்குதுன்னு பாக்கத்தான் போடுறேன்."

கொஞ்ச நேரம் படத்தையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த ஓரம் இன்னும் பொளந்து நிக்கும் டீச்சர். மழ புடிச்சா அங்கேருந்துதான் கல்லு பேந்து ரோட்டுல வுழும். நாங்க அந்த எடத்துல மட்டும் ஒதுங்கித்தான் போவோம்."

அவர் கை காட்டிய இடத்தில் அடியில் இருந்த களிமண் அடுக்கு முழுசாக அரித்துப்போய், மேலே மணற்கல் பலகை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. படத்தில் அந்த இடத்துக்கு இன்னும் ஒரு இருட்டுத் தீற்றல் வைத்தேன், பாறை நின்றது. எனக்கு அவர் சொன்ன தகவலைவிட அவர் சொன்ன விதம் முக்கியமாகப் பட்டது. நுணுக்கமாக முடித்த படமாக இருந்திருந்தால் "சூப்பரா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். வேலை நடக்கும் நிலையில் இருந்ததால் அவருக்கு அதில் பேச இடம் இருந்தது. தினமும் அந்தப் பாறையைத் தாண்டி வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிந்தது படத்துக்குள் வந்து சேர்ந்தது.

இப்படி வெளியில் உட்கார்ந்து வேகமாக வரைவது ஐரோப்பாவிலும் ரொம்ப நாள் ஒரு பயிற்சியாகத்தான் இருந்தது, காட்சிக்கு வைக்கும் படமாக இல்லை. பிரெஞ்சு ஓவியர் வலென்சியேன் 1800இல் எழுதிய நூலில் இதற்கு விதியே சொல்லியிருக்கிறார்: ஒரு ஸ்டடிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, சூரிய உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணி நேரம். வெளிச்சம் அதற்குள் மாறிவிடும், மாறிய வெளிச்சத்தில் தொடர்ந்து வரைந்தால் இரண்டு நேரங்கள் ஒரே படத்தில் கலந்துவிடும் என்பதுதான் காரணம். இது இன்றைக்கும் அப்படியே பொருந்தும். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் தகர டியூபில் பெயின்டை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, எண்ணெய் வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மலை, கடல் என்று போவது சுலபமாகிவிட்டது.

ஃபின்லாந்து ஓவியர்கள் அந்தக் காலத்தில் நிலக்காட்சி கற்க ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃபுக்குப் போனார்கள். கோடையில் வெளியே போய் ஸ்டடிகள் சேர்ப்பது, குளிர்காலத்தில் ஸ்டூடியோவில் அவற்றை வைத்துப் பெரிய படம் கட்டுவது, இதுதான் அங்கே முறை. வெர்னர் ஹோல்ம்பெரி அப்படிப் போன முதல் பெரிய ஆள், 1860இல் முப்பது வயது ஆவதற்குள்ளேயே இறந்துவிட்டார். சுர்பெர்க் 1860களின் பிற்பகுதியில் போனார். அங்கே அகாதெமியில் அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. கார்ல் லூட்விக் என்ற ஓவியரிடம் தனியாகப் பணம் கொடுத்துக் கற்றார். பிறகு பாரிஸும் போனார். ஊர் திரும்பி அவர் வரைந்தவற்றில் ஸ்டடியின் வேகம் பெரிய படங்களுக்குள்ளேயும் அப்படியே நுழைந்துவிட்டது. அக்காலத்து விமர்சகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, முரட்டுத்தனம் என்றார்கள். பாறை முரடாக இருக்கும்போது அதை வரைந்த பெயின்ட் மட்டும் ஏன் மழமழவென்று இருக்க வேண்டும் என்று எனக்குக் கோபமே வருகிறது.

1880இல், முப்பத்தைந்து வயது முடிவதற்குள், அவர் ஓவியம் வரைவதை நிறுத்திவிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் ஃபின்லாந்துக் கைவினை நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். மீதி வாழ்க்கையை நெசவுக்கும் பூத்தையலுக்கும் கொடுத்தார். அந்த அமைப்பு நிலைத்து நின்றது, அது பெரிய சாதனை. இருந்தாலும் இருபதாம் நூற்றாண்டு வந்த பிறகுதான் அவர் படங்களை ஃபின்லாந்து மறுபடி எடுத்துப் பார்த்தது. இன்றைக்கு அந்நாட்டின் மிகத் துணிச்சலான நிலக்காட்சி ஓவியர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். அவருக்கு அது தெரியாமலே போய்விட்டது.

வாசாவைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், என்னை அந்த ஊரோடு கட்டிப்போட்ட விஷயம். பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனி ஏறி உட்கார்ந்து அமுக்கிய நிலம், பனி உருகிய பிறகு இன்னும் மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது. வாசாவுக்கு எதிரே இருக்கும் க்வார்க்கென் தீவுக்கூட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர். கடலுக்குள் இருந்து புதுப் பாறைகள் வெளியே வருகின்றன, தீவுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சுர்பெர்க் வாழ்ந்த 46 ஆண்டுகளில் அவர் பிறந்த ஊரின் கரை ஒரு அடிக்கு மேல் உயர்ந்திருக்கிறது.

எங்கள் கரை இறங்கியது. 2004 டிசம்பர் 26 காலையில் நிலநடுக்கம் வந்தபோது தெற்கு அந்தமான், போர்ட் பிளேர் சுற்றுவட்டாரம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடங்களுக்குள் கடல் வந்து அப்படியே தங்கிவிட்டது, இன்றைக்கும் போனால் பார்க்கலாம். அதே நாளில் வடக்கே திக்லிப்பூர் பக்கம் நிலம் உயர்ந்து, பவளத்திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்துப்போயின. சுனாமி கொண்டுபோன உயிர்களைப் பற்றி இங்கே யாரிடமும் கேட்டுவிடலாம், எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. பாறை இடம் மாறியதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2004க்கு முன்னால் யாராவது கார்பின்ஸ் கோவ் ஓரப் பாறைகளை, அலை தொடும் மட்டத்தோடு, தேதி போட்டு ஒரு சின்ன அட்டையில் வரைந்து வைத்திருந்தால் இன்றைக்கு அது எவ்வளவு பெரிய ஆவணம்! புகைப்படங்கள் இருக்கலாம், ஆனால் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஆட்களைத்தான் எடுப்பார்கள். பாறையை உட்கார்ந்து பார்க்கிறவர் வரைகிறவர்தான்.

தமிழ்நாட்டுப் பாறைகளுக்கு அப்படி ஒரு ஆவணம் இருக்கிறது. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து தென்னாட்டுப் பயணம் புறப்பட்டார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்து பாரமகால் என்ற பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்திருந்தது. இன்றைய கிருஷ்ணகிரி வட்டாரத்து மலைக்கோட்டைகளை, ராயக்கோட்டை உட்பட, அந்த இடத்திலேயே வரைந்தார்கள். திருச்சி மலைக்கோட்டை, பாபநாசம் எல்லாம் பிறகு வருகின்றன. லண்டன் திரும்பியபின், அவர்களுடைய மற்ற இந்தியப் பயணங்களின் படங்களோடு சேர்ந்து, 1795இலிருந்து 1808 வரை 144 அச்சுப் படங்களாக அவை வெளிவந்தன. அந்தப் படங்களில் பாரமகால் பாறைகளின் அளவும் நிற்கும் தோரணையும் அபாரமாகப் பிடிபட்டிருக்கின்றன. ஆனால் அச்சுக்காக எல்லாவற்றையும் சமன்செய்து மெருகேற்றியதில் வெயிலில் வெந்து ஓடு ஓடாகப் பெயரும் அந்தக் கல்லின் தோல் அடங்கிப்போய்விட்டது. கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். 250 கோடி ஆண்டுப் பழைய கல் அது, சுர்பெர்க்கின் பாறையைவிட மூத்தது. அவருடைய கை அங்கே வந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

இப்போது கிருஷ்ணகிரியில், செஞ்சியில், திருமயத்தில், நார்த்தாமலையில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் நடைமுறை விஷயம். கேன்வாஸ் வேண்டாம். ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு பூசிய அட்டை போதும், உள்ளங்கை இரண்டு அளவு. அல்ட்ராமரின், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை, இந்த நாலு டியூபில் எந்தப் பாறையும் வந்துவிடும். கறுப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் இருட்டில் உயிர் இருக்கும். அந்தமானில் இருக்கிறவர்கள் டர்பன்டைனை விமானத்தில் கொண்டுவர முடியாது. அதனால் நான் பெரும்பாலும் அக்ரிலிக்கிலேயே வேலை செய்கிறேன். வாட்டர் கலர் இங்கே மழைக்காலத்தில் காயவே காயாது, காகிதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வெளிச்சத்துக்கு விடிகாலை நல்லது. எங்களுக்குக் கிழக்குக் கரையில் ஐந்தரைக்கே பக்கவாட்டு வெயில் வந்துவிடும், எட்டு மணிக்கெல்லாம் நிழல் சுருங்கிப் பாறை தட்டையாகிவிடும். கடலோரமென்றால் தண்ணி ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பாதிப் படத்தில் பாதிப் பாறை மூழ்கிவிடும்.

முதல் கால் மணி நேரம் எதையும் வரையாதீர்கள். வெயில் படும் முகம் எது, நிழல் முகம் எது, எந்தத் திசையில் வெடித்திருக்கிறது, தண்ணீர் எங்கே இறங்கி ஓடுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் கேளுங்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் முடித்து எழுந்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேகம், பறவை, படகு எல்லாம் சேர்த்துப் "படமாக்க" வேண்டாம். எங்கள் ஊர்ப் போட்டிகளில் நடுவராக உட்காரும்போது, வெளியில் வைத்து நன்றாகத் தொடங்கிய படங்கள் வீட்டில் வைத்து மெருகேறிக் கெட்டுப்போய் வருவதைப் பார்க்கிறேன். அந்த மெருகுக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தை ஆசிரியர்கள் நாமும் விட வேண்டும்.

அட்டையின் பின்னால் இடம், தேதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள். வெள்ளையடித்து அதே அட்டையை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சேர்த்து வையுங்கள். உங்கள் ஊர்ப் பாறையை வரைந்தால் எனக்கு அனுப்புங்கள், என்னுடைய கார்பின்ஸ் கோவ் ஸ்டடிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.